நைட் ஷிஃப்ட்டுக்குப் புதியவரா? பகல் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

இன்டர்வியூவில் "நைட் ஷிஃப்ட் ஓகேவா?" என்று கேட்டால் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. கல்லூரி விடுதியில் விடிய விடிய அரட்டை அடித்தவர்களுக்கு இரவு முழுக்க விழித்திருப்பது பெரிய காரியமாகத் தெரியாது. முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில் தலை கனக்கும், வயிறு உப்பும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும். அப்போது பலரும் இரவில் தூக்கம் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று தேட ஆரம்பிப்பார்கள். பகலில் ஏழு மணி நேரம் தூங்க என்ன வழி என்று தேடினால்தான் பலன் உண்டு. அது அமைந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகச் சரியாகிவிடும்.

சென்னை, கோவை, மதுரை என்று இங்கே இருந்துகொண்டு அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். செவிலியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் என்பதால் அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பு ஏன் ஒத்துழைப்பதில்லை

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். தூக்கம் எப்போது வர வேண்டும், பசி எப்போது எடுக்க வேண்டும், உடல் சூடு எப்போது ஏறி இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அது நடத்துகிறது. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது கண்ணில் படும் வெளிச்சம். இருட்டினால் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்கு வழி செய்கிறது. காலை வெளிச்சம் பட்டால் அது அடங்கிவிடும். விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் உடல் சூடு மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் கண் தானாகச் சொருகும், எக்செல் ஷீட்டில் ஒரே வரியை நான்கு முறை படிப்போம்.

"போகப் போகப் பழகிடும்" என்று சீனியர்கள் சொல்வார்கள். மனசு பழகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நைட் பார்த்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு உடற்கடிகாரம் முழுதாக இடம் மாறுவதில்லை. தினமும் வீட்டுக்கு வரும் வழியில் வெயில் படுகிறது, சனி ஞாயிறு வந்தால் எல்லோரையும் போல இரவில் தூங்குகிறோம். பிறகு எப்படி மாறும்? ஆகவே உடம்பை முழுக்க இரவுக்கு மாற்றுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். பாதி வழியில் ஒரு சமரசம் போதும். கீழே சொல்பவை எல்லாம் அந்தச் சமரசத்துக்கான வழிகள்தான்.

முதல் படி: தூக்க நேரத்தைக் குறித்துவிடுங்கள்

ரோஸ்டர், அதாவது ஷிஃப்ட் அட்டவணை, கைக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள். "வந்ததும் தூங்கிக்கலாம்" என்று விட்டால், வந்ததும் எல்லாம் நடக்கும், தூக்கம் மட்டும் நடக்காது.

நியூயார்க் நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை என்றால், கோடையில் நமக்கு மாலை 6:30 முதல் அதிகாலை 3:30 வரை. கேப் பிடித்து வீடு வர 4:30 ஆகும். 5 மணிக்குப் படுத்து 12 மணிக்கு எழலாம். இந்த ஷிஃப்ட் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சூரியன் உதிப்பதற்குள் படுத்துவிடலாம், எழுந்த பிறகும் பாதி நாள் மிச்சம் இருக்கும்.

கலிஃபோர்னியா நேரம் என்றால் இரவு 9:30 முதல் காலை 6:30 வரை. இதுதான் கடினமான ஷிஃப்ட். வெயிலில் வீடு வந்து, ஊரே பரபரப்பாக இருக்கும்போது படுக்க வேண்டும். காலை 8:30-க்குப் படுத்தால் பெரும்பாலும் மதியம் ஒன்றரை மணி வாக்கில் விழிப்பு வந்துவிடும். அதற்குமேல் புரண்டுகொண்டிருப்பதில் பலனில்லை. எழுந்துவிடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் இன்னொரு இரண்டு மணி நேரம் தூங்குங்கள். தூக்கத்தை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்வதில் தவறொன்றுமில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் மொத்தம் ஏழு மணி நேரமாவது சேர வேண்டும், அதுதான் கணக்கு.

முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன்னும் மதியம் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் தூங்கிவிட்டுப் போங்கள். காலை 7 மணிக்கு எழுந்தவர், இடையில் தூங்காமலே இரவு வேலைக்கும் போனால், அதிகாலை 4 மணிக்கு 21 மணி நேரம் விழித்திருந்தவராகிவிடுவார்.

இரண்டாம் படி: வீட்டில் பேசுங்கள்

இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கம்பெனியின் இண்டக்‌ஷனில் பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், இதைப் பற்றி ஒரு வரிகூட வராது. ஆனால் நைட் ஷிஃப்ட்டில் தாக்குப்பிடிப்பவர்களுக்கும் ஆறே மாதத்தில் விட்டுவிட்டு ஓடுபவர்களுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் வீடுகளில் பகலில் தூங்குவது என்றால் சோம்பல். "பகல்ல வீட்லதானே இருக்க" என்ற ஒரு வாக்கியத்தில் எல்லா வேலையும் நம் தலைக்கு வந்துவிடும். கேஸ் சிலிண்டர் வந்தால் ஓ.டி.பி. சொல்ல வேண்டும், பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், பேங்கில் கே.ஒய்.சி. கொடுக்க வேண்டும், பிளம்பர் வந்தால் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் அரை மணி வேலைதான். ஆனால் அந்த அரை மணி தூக்கத்தின் நடுவில் விழுகிறது. தூக்கத்தில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். நடுவில் எழுப்பிவிட்டால் மறுபடி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவே நேரம் பிடிக்கும். பகலில் பல நேரம் போகவே முடியாது.

ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போது உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள்: "எனக்குக் காலை 9 மணி என்பது உங்களுக்கு இரவு 12 மணி மாதிரி. இரவு 12 மணிக்கு எதற்கெல்லாம் என்னை எழுப்புவீர்களோ, அதற்கு மட்டும் எழுப்புங்கள்." அம்மா அப்பாவுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அறைக் கதவில் ஒரு சின்ன அட்டை தொங்கினால் விருந்தாளிகளுக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பேரம். பகல் வேலைகளை ஒரேயடியாக மாட்டேன் என்றால் வீட்டில் சண்டைதான் வரும். "மதியம் 2 மணிக்கு மேல் எந்த வேலை சொன்னாலும் செய்கிறேன், அதற்கு முன்னால் வேண்டாம்" என்று நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். பேங்க் வேலையை வாரத்தில் ஒரே நாளில் சேர்த்து முடித்துவிடலாம். காலிங் பெல்லின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கூரியர்காரர்களுக்குப் பக்கத்து வீட்டையோ வாட்ச்மேனையோ காட்டிவிடுங்கள்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். காலை 7 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் டிபன், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், பள்ளி வேன் என்று ஒரு முழு ஷிஃப்ட் காத்திருக்கும். அதை முடித்துப் படுக்கப் பத்தரை ஆகும், மூன்றரைக்குப் பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள். இப்படி ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஓட்டும் எத்தனையோ பேர் "எனக்கு இது பழகிடுச்சு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பழக்கமாகவில்லை, களைப்பை உணராமல் போய்விட்டது, அவ்வளவுதான். காலைச் சமையலைக் கணவரோ வீட்டில் வேறு யாரோ எடுத்துக்கொள்ள வேண்டும். அது முடியாத வீட்டில், வேலைக்குக் கிளம்பும் முன் காய் நறுக்கி, மாவு எடுத்து வைத்துவிட்டு, காலையில் இட்லி ஊற்றுவதை மட்டும் அவர்களிடம் விட்டாலும் ஒரு மணி நேரம் மிஞ்சும். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே இந்தப் பேச்சு நடந்துவிட்டால் மிகவும் நல்லது.

விசேஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு விடியற்கால முகூர்த்தம் ஒரு வரப்பிரசாதம். நேராக மண்டபத்துக்குப் போய், தாலி கட்டியதைப் பார்த்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துவிடலாம். மாலை ரிசப்ஷனுக்குத்தான் லீவு போட வேண்டும்.

மூன்றாம் படி: அறையை இருட்டாக்குங்கள்

சாதாரணத் திரைச்சீலை நம் ஊர் வெயிலுக்குப் பத்தாது. வெளிச்சம் புகாத தடித்த திரை வாங்குங்கள். வாடகை வீடு, செலவு வேண்டாம் என்றால் ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். கண்ணை மறைக்கும் ஐ மாஸ்க்கும் உதவும். உள்ளங்கையை முகத்துக்கு முன் நீட்டினால் மங்கலாகத்தான் தெரிய வேண்டும், அந்த அளவு இருட்டு போதும்.

குக்கர் விசில், மிக்ஸி, ஆடி மாதத்து ஒலிபெருக்கி இதையெல்லாம் நிறுத்த முடியாது. காதில் வைக்கும் நுரை அடைப்பான் மருந்துக்கடையில் மலிவாகவே கிடைக்கும். டேபிள் ஃபேனின் ஒரே சீரான இரைச்சலும் மற்றச் சத்தங்களை அமுக்கிவிடும்.

போனை சைலன்டில் போடப் பயப்படுபவர்கள் நிறைய. அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால்? 'டூ நாட் டிஸ்டர்ப்' வைத்து, வீட்டு ஆட்கள் நான்கு பேர் எண்ணை மட்டும் ஒலிக்கவிடலாம். ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் மட்டும் ஒலிக்கும் வசதியும் பெரும்பாலான போன்களில் இருக்கிறது. லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் எல்லாம் நம் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அழைப்பார்கள்.

மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறது. இரவில் தூங்குபவர்கள் அதைக் கவனிக்கவே தேவையில்லை. நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்கு நண்பர் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு பாய் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: காபியையும் சாப்பாட்டையும் நேரத்தில் வையுங்கள்

காபி, டீ குடிக்கக் கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. இரவு வேலைக்கு அது உதவத்தான் செய்யும். எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டு வெளியேற ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே படுக்கும் நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். 8:30-க்குப் படுப்பவருக்குக் கடைசிக் காபி 2:30 மணிக்கு. 5 மணிக்குப் படுப்பவருக்கு இரவு 11 மணிக்கு. கேப் ஏறுமுன் அலுவலக வாசல் டீக்கடையில் ஒரு டீ அடித்துவிட்டு வருவது நல்ல சுகம்தான், ஆனால் அந்த டீதான் பத்து மணிக்கு உங்களைக் கண் திறந்து கூரையைப் பார்க்க வைக்கும். அங்கே டீக்குப் பதில் சுக்கு மல்லி குடியுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 வரையும், டீயில் 30 முதல் 65 வரையும் இருக்கும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் மெஷின் காபி என்று போனால் வரம்பைத் தாண்டுவது சுலபம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்பதும் அதில் இருக்கிறது. அவற்றிலுள்ள டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை இருக்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விதி: பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடித்துவிடுங்கள். இரவில் நம் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருக்கும். மாலையில் சாப்பிட்டால் தொந்தரவு தராத அதே பரோட்டா, நள்ளிரவு 1 மணிக்கு ரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றும், ஏற்றியதை மெதுவாகத்தான் இறக்கும். நெஞ்செரிச்சலும் கூட வரும். டீம் லன்ச் என்று நடுராத்திரியில் பிரியாணி ஆர்டர் போடும் கலாச்சாரத்தை முழுக்கத் தவிர்க்க முடியாது. மாதத்தில் ஒரு நாள் போங்கள், தினமும் வேண்டாம்.

நடுராத்திரிக்கு என்ன கொண்டுபோகலாம்? சுண்டல், அவித்த முட்டை, வேர்க்கடலை, கொய்யா, மோர். பசி அதிகம் எடுத்தால் சாம்பாரோடு இரண்டு இட்லி. வீட்டுக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள், பசி எழுப்பிவிடும். ஓர் இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ போதும். பொங்கல் வடையை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏசி அறையில் தாகம் தெரியாது, ஆகவே மேஜையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் நிறையக் குடித்தால் தூக்கத்தின் நடுவில் எழ வேண்டிவரும்.

தூக்கம் வருவதற்காகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். பகல் தூக்கம் ஏற்கெனவே மெலிசு. அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடையில் தூக்க மாத்திரையோ மெலட்டோனின் மாத்திரையோ நீங்களாக வாங்குவதும் வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

வேலை நேரத்தில்

ஷிஃப்ட்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறையுங்கள். கவனம் தேவைப்படும் வேலையை, கிளையன்ட்டுக்குப் போகும் ரிப்போர்ட்டோ பணம் சம்பந்தப்பட்டதோ, 2 மணிக்குள் முடிக்கப் பாருங்கள். 3 மணிக்கு மேல் மெயில் ஒழுங்குபடுத்துவது போன்ற கைவேலை.

பிரேக்கில் 15, 20 நிமிடம் குட்டித் தூக்கம் போட இடம் இருந்தால் தயங்காதீர்கள். அலாரம் கட்டாயம் வேண்டும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள், எழும்போது போதை மாதிரி இருக்கும். காபி அனுமதிக்கப்பட்ட நேரமாக இருந்தால், குடித்துவிட்டு உடனே படுங்கள். அது வேலை செய்ய ஆரம்பிக்க இருபது நிமிடமாவது ஆகும், அதற்குள் நீங்களும் எழுந்துவிடுவீர்கள். ஒருமுறை செய்து பாருங்கள், இரண்டும் சேர்ந்து தரும் தெளிவு தனி.

உடற்பயிற்சிக்கு வேலைக்குப் போகும் முன் மாலை நேரமே சரி. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. மாலை 5 மணிக்கு அரை மணி வேக நடை, வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்கு முடிந்தது. அந்த நடையில் வெயிலும் கொஞ்சம் கிடைக்கும். நாள் முழுக்கத் திரை போட்ட அறை, இரவு முழுக்க ஏசி அறை என்று இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம்.

வீடு திரும்பும்போது

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நைட் முடித்துவிட்டு பைக் ஓட்டாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் அனிச்சை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1990-களிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே போலீஸ் பிடிக்கும் நிலையைத் தாண்டிவிடுகிறோம், ஊதச் சொன்னால் மட்டும் எதுவும் காட்டாது. ஓ.எம்.ஆரில் காலை 6 மணிக்கு ரோடு காலியாக இருக்கும். காலியான, நேரான ரோடுதான் தூக்கத்தை வரவழைக்கும். கண் திறந்தபடியே இரண்டு மூன்று நொடி மூளை அணைந்து எரியும், அது நமக்கே தெரியாது.

கம்பெனி கேப் இருந்தால் அதில் வாருங்கள், அரை மணி கூடுதலாகச் சுற்றினாலும் சரி. சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஓட்டுபவரும் நைட் பார்த்தவர்தான். வெளியே வெளிச்சம் வந்துவிட்டால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள், தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவும். நீங்களே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நாளில் அந்தக் கண்ணாடி வேண்டாம். பார்க்கிங்கிலேயே இருபது நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளியல், சின்னச் சாப்பாடு, படுக்கை. ரீல்ஸ் ஐந்து நிமிடம் என்று எடுத்தால் மணி பத்தாகிவிடும்.

வார விடுமுறை

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். ஐந்து நாள் காலையில் தூங்கிவிட்டு, சனி ஞாயிறு இரவு 10 மணிக்கே படுத்து 6 மணிக்கு எழுந்தால், வாரா வாரம் வெளிநாடு போய்த் திரும்புவதற்குச் சமம். திங்கள் இரவு தலை சுற்றும்.

ஏழு நாளும் கடிகாரத்தில் அதே நான்கு மணி நேரமாவது தூக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். 5 முதல் 12 வரை தூங்குபவர் விடுமுறையில் அதிகாலை 2 மணிக்குப் படுத்து 9 மணிக்கு எழலாம். 5 முதல் 9 வரை எல்லா நாளும் பொது. குடும்பத்தோடு மதியச் சாப்பாடு, மாலையில் கடற்கரை, இரவு படம் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். கலிஃபோர்னியா ஷிஃப்ட்காரர்கள் விடுமுறையில் 4:30-க்குப் படுத்து 12:30-க்கு எழ வேண்டியிருக்கும். அது கொஞ்சம் தியாகம்தான், மறுக்கவில்லை.

பகலில் வரும் ஆபீஸ் தொந்தரவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெச்.ஆர். பயிற்சி வகுப்புகள் மதியம் 12 மணிக்கு வைக்கப்படும், அவர்களுக்கு அது வேலை நேரம். ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள், ரெக்கார்டிங் கேளுங்கள். தூங்கும் நேரத்தை அவுட்லுக் காலண்டரில் 'பிஸி' என்று போட்டுவைத்தால் பாதி அழைப்பு வராது. டீம் வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் வைப்பது மரியாதைக் குறைவு இல்லை.

மார்ச்சிலும் நவம்பரிலும் கவனம்

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே நகர்த்துவார்கள். நமக்கு நவம்பரில் 6:30 ஷிஃப்ட் 7:30 ஆகும், மார்ச்சில் மறுபடி 6:30. பிரிட்டன் கிளையன்ட் என்றால் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. நவம்பர் மாற்றம் சுலபம், தள்ளிப் படுப்பது எப்போதும் எளிது. மார்ச் மாற்றத்துக்கு நான்கு நாள் முன்பிருந்தே தினம் 15 நிமிடம் முந்திப் படுங்கள்.

ஷிஃப்ட் சுழலும் வேலையில் இருப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். மனித உடற்கடிகாரத்தின் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே அதிகம். அதனால் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் ஷிஃப்ட் சுழன்றால் உடம்பு ஏற்கும். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுழன்றால் திணறும். ரோஸ்டர் போடுபவரிடம் இதைக் கேட்டு மாற்றிக்கொள்ள முடிந்தால் காசு செலவில்லாத பெரிய உதவி.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் திரும்ப 2019-இலும் இரவு வேலையைப் புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ள 2ஏ பட்டியலில் வைத்தது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானம் எல்லாம் அதே பட்டியலில் உண்டு, ஆகவே பதற வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை பார்த்துவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், நைட் தொடங்கும் முன்பே நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். "காலையில் வெறும் வயிற்றில்" என்று சீட்டில் எழுதியிருக்கும். உங்கள் காலை எது என்று அவருக்குத் தெரியாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும், அவர்கள் டாக்டர் ஒப்புக்கொள்ளாமல் நைட்டுக்குப் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

மனசு தொடர்ந்து சோர்ந்திருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். நடுராத்திரி பிரேக்கில் மனசுவிட்டுப் பேச ஆள் இல்லாத நமக்கு இது உபயோகமான விஷயம்.

மூன்று மாதம் கழித்து

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் மூன்று மாதத்துக்குப் பிறகும் பகலில் ஐந்து மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை, வேலை நேரத்தில் கண் மூடிப்போகிறது, எடை ஏறிக்கொண்டே போகிறது என்றால் உங்கள் உடம்புக்கு இரவு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இயல்பாகவே சீக்கிரம் படுத்து விடியலில் எழுபவர்களுக்கு இப்படி ஆவது அதிகம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நைட் அலவன்ஸ் போகிறதே என்ற கணக்கு வரும். மருந்துச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஷிஃப்ட் மாற்றம் கேட்கும்போது "தூக்கம் வரமாட்டேங்குது" என்று வாயால் சொன்னால் டீம் லீட் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரத்தை நோட்டில் குறித்து வையுங்கள். அதைக் காட்டி டாக்டரிடம் சான்று வாங்குங்கள். இரண்டையும் இணைத்து மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயில் போடுங்கள். எந்த ஷிஃப்ட்டுக்கு மாறத் தயார், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பல இடங்களில் ரோஸ்டர் மாதத்தின் கடைசி வாரத்தில் முடிவாகும். அதற்கு ஒரு வாரம் முன்பே மெயில் போயிருந்தால் அந்த மாதமே பார்ப்பார்கள், பிந்தினால் அடுத்த மாதம்தான்.